கம்பெனி ஒன்றாகிவிட்டது, டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது?

மதுரையில் டிஷ் மாட்டுவது என் தொழில். 2018 மார்ச் 22-ம் தேதி வீடியோகான் டி2எச் நிறுவனம் டிஷ் டிவியோடு இணைந்து முடிந்தது. அதற்கப்புறம் எனக்கு வந்த போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "தம்பி, ரெண்டும் ஒண்ணாயிடுச்சே, அந்த பாக்ஸை இந்த டிஷ்லயே மாட்டிக்கலாமா?"

டிஷ்ஷைத் திருப்பாமல் மாட்ட முடியாது. காரணம் புரிந்தால் வேலையும் புரியும்.

டிஷ் டிவி 2003-ல் வந்தது. நம் நாட்டின் முதல் தனியார் டிடிஎச் அதுதான். டி2எச் 2009-ல் வந்தது. இரண்டும் போட்டியாளர்களாக வளர்ந்ததால், வேறு வேறு செயற்கைக்கோளில் இடம் பிடித்தன. டிஷ் டிவியின் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 95 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது, டி2எச்சின் எஸ்டி-2 செயற்கைக்கோள் 88 டிகிரி கிழக்கில். இணைப்பை 2016 நவம்பரில் அறிவித்தார்கள். போட்டி ஆணையம், கம்பெனி சட்டத் தீர்ப்பாயம், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் என்று எல்லா ஒப்புதலும் வாங்கி முடிக்க ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ஆனது. பங்குகளைக் காகிதத்தில் மாற்றிவிடலாம். ஆனால் அப்போது இரண்டிலுமாக 2.7 கோடிக்கும் மேல் இணைப்புகள். ஒவ்வொரு மொட்டை மாடிக்கும் ஆள் அனுப்பி டிஷ்ஷைத் திருப்ப யாரால் முடியும்? இரண்டு பெயரும் இன்றுவரை தனித்தனியாக ஓடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சரி, டிஷ் டிவியை விட்டு டி2எச்சுக்கு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புது பாக்ஸ் வந்தாயிற்று. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் நீங்கள் ஏறாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். மற்றபடி முதலில் கம்பத்தைப் பாருங்கள். ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் நேராக நிற்கிறதா என்று சோதியுங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் அப்புறம் போடும் கணக்கெல்லாம் வீண்.

மதுரையிலிருந்து 95 டிகிரி செயற்கைக்கோளைப் பார்க்க, வடக்கிலிருந்து வலப்புறமாக 120 டிகிரி திரும்பி, தரையிலிருந்து 67 டிகிரி நிமிர வேண்டும். 88 டிகிரி கோளுக்கு 135 டிகிரி, அதாவது சரியான தென்கிழக்கு. நிமிர்வு 73 முதல் 74 டிகிரி. வானத்தில் ஏழு டிகிரி வித்தியாசம்தான், நம் மாடியில் அது பதினைந்து டிகிரி திருப்பமாகிவிடுகிறது. ஆகவே டிஷ்ஷைத் தெற்குப் பக்கமாகத் திருப்பி, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். வேறு ஊர் என்றால் இந்த எண்கள் மாறும். காம்பஸைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டு பக்கத்தில் வைக்காதீர்கள், முள் பொய் சொல்லும்.

டிஷ் அவ்வளவு நிமிராதது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நின்று சிக்னலை வாங்கும் கருவி, கீழே தள்ளி இருக்கும் ஆஃப்செட் டிஷ் அப்படித்தான். உண்மையில் அது இன்னும் மேலேதான் பார்க்கிறது. பின்னால் உள்ள அளவுகோலை நம்பித் தொடங்குங்கள்.

இனி பொறுமை வேண்டும். கீழே ஒருவர் டிவியில் சிக்னல் பக்கத்தைத் திறந்து, போனில் உங்களோடு பேசட்டும். ஒரு டிகிரி திருப்பிவிட்டு ஐந்து விநாடி நில்லுங்கள். பாக்ஸ் உடனே காட்டாது. அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டே போனால் கோளைத் தாண்டிவிடுவீர்கள். சிக்னல் பக்கத்தில் உள்ள ஸ்ட்ரெங்த் பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள், பக்கத்துக் கோளைப் பிடித்தாலும் அது ஏறும். அதே பக்கத்தில் உள்ள குவாலிட்டி பட்டை ஏறினால்தான் சரியான கோள். ஏறியதும் எல்என்பியை அதன் பிடியில் மெல்லத் திருகுங்கள், இன்னும் கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சம்தான் மழை நாளில் படம் உறையாமல் காப்பாற்றும்.

நட்டை ஒரே பக்கமாக முறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்குங்கள், குவாலிட்டியைக் கேட்டுக்கொண்டே. இறுக்கும்போதே டிஷ் அரை டிகிரி நகரும். கடைசியாக, எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டுங்கள். மழைத் தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.