ஈக்கள மேக்ரோ போட்டோ (ரொம்ப கிட்டப் போய் பெருசா) எடுக்குறது எப்படி: லென்ஸ விட லைட்டுதான் முக்கியம்

கேமரால மேனுவல் மோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும், மேல படிங்க.

தனி மேக்ரோ லென்ஸ் வாங்க காசு இல்லையா, ரேனாக்ஸ் 250ன்னு ஒரு க்ளோசப் லென்ஸ், கிளிப் மாதிரி மாட்டுறது, அத வாங்கி கையில இருக்குற ஜூம் லென்ஸ் முன்னாடி மாட்டிக்கோங்க. எக்ஸ்டென்ஷன் ட்யூப (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற வெறும் குழாய்) விட எனக்கு இதான் புடிக்கும், நடுவுல ஒரு பட்டாம்பூச்சி வந்தா டக்குனு கழட்டிடலாம்.

குன்னூர், கோத்தகிரி பக்கம்னா விடிஞ்சதும் கிளம்புங்க. குளிர்ல ஈ விறைச்சுப்போய் இலை மேல உக்காந்திருக்கும், உடம்பு சூடானாத்தான் பறக்க முடியும், வெயில் ஏறிட்டா கிட்டவே விடாது. டீ எஸ்டேட்ல மருந்தடிச்ச பக்கம் போய் பிரயோஜனம் இல்ல, ரோட்டோர உண்ணிச்செடிய பாருங்க. பெர்மிஷன் இல்லாம காட்டுக்குள்ள இறங்க வேணாம்.

ஃப்ளாஷோட செட்டிங்: ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் எஃப் 11, ஐஎஸ்ஓ 200. எஃப் 22 போனா படமே மசமசன்னு ஆயிடும். ஆட்டோஃபோகஸ் ஆஃப். ஃபோகஸ் ரிங்க தொடாம உடம்ப லேசா முன்ன பின்ன ஆட்டி, கண்ணு ஷார்ப்பாகுற நொடில தட்டுங்க.

இப்ப லைட்டு. இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. ஃப்ளாஷ நேரா அடிச்சா பச்சை ஈயோட முதுகுல வெள்ளையா ஒரு பொட்டு விழும், பச்சையே காணாம போயிடும். அந்தப் பச்சை சாயம் இல்ல, மேல்தோலோட மெல்லிய அடுக்குகள்ல வெளிச்சம் பட்டுத் திரும்புறதால வர்ற நிறம், அதனால வெளிச்சம் நாலாபக்கமும் பரவி விழணும். பார்சல்ல வர்ற வெள்ளை ஃபோம் ஷீட்ட ஃப்ளாஷ்லேருந்து லென்ஸ் முனைக்கும் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் வளைச்சுக் கட்டுங்க, பூச்சிக்கு எவ்ளோ கிட்ட வருதோ அவ்ளோ நல்லது. பட்டர் பேப்பர் நம்ம ஊரு மூடுபனில ஊறித் தொங்கிடும், வேணவே வேணாம்.

அப்புறம் பாருங்க, ஒரே புதர்ல எத்தனை விதம்! தேனீ மாதிரி வேஷம் போட்ட ஹோவர் ஃப்ளை (றெக்கை எண்ணுங்க, ரெண்டுதான், தேனீக்கு நாலு), தாடி வச்ச ராபர் ஃப்ளை, நீளக்கால் கிரேன் ஃப்ளை. இந்த கிரேன் ஃப்ளைல றெக்கைக்குப் பின்னாடி குண்டூசி மாதிரி ரெண்டு நீட்டிக்கிட்டு இருக்கும், ஹால்ட்டியர்னு பேரு, பறக்கும்போது பேலன்ஸ் பண்ண. பேர் வச்ச ஈ இனமே, கொசுவையும் சேத்து, ஒன்றரை லட்சத்துக்கு மேல.

அப்டேட்: வீட்டுக்குள்ள வந்ததும் லென்ஸ்ல பனி மாதிரி மூடிக்கிதுன்னு நிறைய பேர் கேட்டீங்க. வெளியவே ஜிப் கவர்ல போட்டு மூடி எடுத்துட்டு வாங்க, சூடாகுற வரைக்கும் பிரிக்காதீங்க.

இன்னொண்ணு, ஃப்ளாஷ் டிடிஎல்ல (வெளிச்சத்த கேமராவே அளந்து முடிவு பண்ற மோடு) வேணாம், மேனுவல்ல வைங்க. டிடிஎல் முன்கூட்டி ஒரு மின்னல் விடும், மினுமினு நீளக்கால் ஈ (மேல சொன்ன கிரேன் ஃப்ளை இல்ல, இது வேற) அதப் பாத்தே எகிறிடும், உங்களுக்கு இலைதான் கிடைக்கும்.