ரிசீவர் வைத்திருப்பவர்கள் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது?

ஒரே ஹோம் தியேட்டர் ரிசீவர்தான். வாங்கிய ஒருவர், "வசனம் ஒன்றுமே புரியவில்லை, பணம் போனதுதான் மிச்சம்" என்கிறார். அதையே வாங்கிய இன்னொருவர், "தியேட்டருக்குப் போவதையே விட்டுவிட்டோம்" என்கிறார். முதல் தடவையாக ஹோம் தியேட்டர் வாங்க நினைப்பவர் இரண்டையும் படித்துவிட்டு என்ன செய்வார்? நான் ஒரு மாதம் குழம்பிக் கிடந்தேன்.

அதன் பிறகு எனக்கென்று ஒரு செட் வாங்கினேன். சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் ஏழெட்டு செட் பூட்டிக் கொடுத்தேன். அங்கெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான்: ரிசீவர் மேல் வந்த புகார்களில் பாதிக்கு மேல் ரிசீவரின் குறையே இல்லை. ஹாலின் குறை, வயரின் குறை, மாற்றாமல் விட்ட ஒரு செட்டிங்கின் குறை எல்லாம் அந்தப் பெட்டியின் தலையில் விழுந்திருந்தது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அடுத்தவர் அனுபவம் நமக்குப் பெரிய உதவி. எப்படிப் பிரிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

அடிப்படையை மட்டும் முதலில் பார்த்துவிடலாம். செட்டாப் பாக்ஸ், ப்ளூரே ப்ளேயர், கேம் கன்சோல் எல்லாம் ரிசீவரில் வந்து சேரும். படத்தை அது டிவிக்கு அனுப்பிவிட்டு, டால்பி, டிடிஎஸ் வடிவில் வரும் ஒலியைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் பாடுவதற்கான சக்தியைக் கொடுக்கும். 5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். 5.1.2 என்றால் தலைக்கு மேலிருந்து வர வேண்டிய ஒலிக்கு இன்னும் இரண்டு.

படி 1: நோட்டில் மூன்று பத்தி

ஒரு பக்கத்தை எடுத்து அறை, இணைப்பு, கருவி என்று மூன்று பத்தி பிரியுங்கள். படிக்கும் ஒவ்வொரு கருத்தையும் இதில் ஒன்றில் போடுங்கள். "எதிரொலிக்கிறது", "பேச்சு தெளிவில்லை" என்பவை அறைப் பத்திக்கு. "டால்பி வரவில்லை", "ஒரு ஸ்பீக்கர் பாடவில்லை" என்பவை இணைப்புப் பத்திக்கு. "எட்டு மாதத்தில் எச்டிஎம்ஐ போய்விட்டது", "தானாக அணைகிறது" என்பவை கருவிப் பத்திக்கு. வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது மூன்றாவது பத்திதான். முதல் இரண்டும் வாங்கிய பிறகு உங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான குறிப்பு.

வாங்கி இரண்டு நாளில் எழுதியதைத் தனியாக ஒதுக்குங்கள். அதில் இருப்பது புதுப் பொருளின் மகிழ்ச்சி, அல்லது வயர் போட்ட களைப்பு. ஒரு வருடம் ஓட்டியவர் சொல்லும் ஒரு வரிக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

படி 2: வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீர்கள்

"பவர் பத்தவில்லை" என்பதும் "செம பவர்" என்பதும் எல்லா ரிசீவருக்கும் வரும் கருத்துகள். ஒரு உண்மையான எண்ணை வைத்தே பார்ப்போம். நம் ஊரில் பலர் முதல் ரிசீவராக வாங்கிய யமஹா ஆர்எக்ஸ்-வி385க்கு நிறுவனமே மூன்று எண்கள் கொடுக்கிறது: 70 வாட், 100 வாட், 135 வாட். மூன்றும் சரிதான், அளந்த விதம்தான் வேறு. 70 என்பது இரண்டு சேனல் (இரண்டு ஸ்பீக்கருக்கான வழி) ஓட, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒலியின் சிதைவு மிகக் குறைவாக இருக்கும்போது அளந்தது. 135 என்பது ஒரே ஒரு சேனல், ஒரே ஒரு சுருதி, 10 சதவீதச் சிதைவு வரை போகவிட்டு அளந்தது. கடை அட்டையில் பெரிய எண்தான் இருக்கும். இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் என்ற வரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஸ்பீக்கரின் மின்தடையை எத்தனை ஓம் என்று வைத்து அளந்தார்கள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாட்ஸ் இரட்டிப்பானால் ஏறுவது 3 டெசிபல்தான். 70க்கும் 135க்கும் நடுவே காது உணர்வது, ரிமோட்டில் சில அழுத்தல் தூரம். சாதாரண ஹாலில் வழக்கமாகப் படம் பார்க்கும் சத்தத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெரும்பாலும் ஓரிரு வாட்தான் எடுக்கும். வெடிச்சத்தம் வரும் நொடியில்தான் பல மடங்கு கேட்கும்.

"வால்யூமை மைனஸ் 20 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது, ஆம்ப்ளிஃபையர் வீக்" என்று ஒரு புகாரும் அடிக்கடி வரும். அந்த எண் ரிசீவர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுவதில்லை. மைக் வைத்துச் சரிசெய்த (படி 5இல் சொல்கிறேன்) ரிசீவரில் பூஜ்ஜியம் என்பது திரையரங்கில் வைக்கும் சத்த அளவு. முன் ஸ்பீக்கர் ஒன்றில் உச்சம் 105 டெசிபலைத் தொடும். வீட்டில் யாரும் அங்கே போவதில்லை. மைனஸ் 20 எல்லாம் சாதாரணம்.

படி 3: "வசனம் கேட்கவில்லை"

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இதுதான் முதல் புகார்.

என் சித்தப்பா வீட்டில் நடந்தது. புது செட் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "பாட்டு நல்லாத்தான் இருக்கு, பேசறதுதான் புரியல. இந்தப் பெட்டி சரியில்லப்பா, திருப்பிக் குடுத்துடலாமா?" என்றார். போய்ப் பார்த்தேன். சென்டர் ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில், ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். முன்னால் பாதி மூடிய கண்ணாடிக் கதவு. குரல் முழுக்கத் தரையையும் சோபாவில் உட்கார்ந்தவர்களின் முழங்காலையும் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. தரை பளபளக்கும் டைல்ஸ், நான்கு பக்கமும் வெறும் சுவர், மேலே கான்கிரீட்.

"இருங்க சித்தப்பா, திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன். கண்ணாடிக் கதவைக் கழற்றினோம். ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, முன்பக்கத்தின் அடியில் ரப்பர் துண்டு வைத்து, காதைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தினோம். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே சித்தி ஒரு கனமான ஜமுக்காளத்தை விரித்தார். ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. கடைசியாக செட்டிங்கில் சென்டர் அளவை மட்டும் 2 டெசிபல் ஏற்றினேன். அன்று இரவே போனில், "இப்போ ஒவ்வொரு வார்த்தையும் விழுதுப்பா" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் ஒருவர் வசனம் புரியவில்லை என்றால், தரை என்ன, சென்டர் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். இரவில் சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பவராக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. படங்களில் மெல்லிய குரலுக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடைவெளி மிகப் பெரிது. அந்த இடைவெளியைக் குறைக்கும் வசதி, நைட் மோடு போன்ற பெயர்களில், பெரும்பாலான ரிசீவர்களில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தாரா என்றும் கேட்கலாம்.

பாட்டில் அடிச்சத்தம் காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பரவினால், முன் ஸ்பீக்கர் ஒன்றில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு முனையிலும் பாருங்கள்.

படி 4: "டால்பி வரவில்லை"

இது இணைப்புப் பத்தி. ரிசீவர் வாங்கி, ஐந்து ஸ்பீக்கரும் பூட்டி, ஸ்டீரியோ மட்டுமே கேட்பவர்கள் நிறையப் பேர்.

டிவியிலேயே ஓடும் ஆப்களின் ஒலி ரிசீவருக்கு வர வேண்டும் என்றால், டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில்தான் கேபிள் போக வேண்டும். மறுமுனை ரிசீவரின் அவுட் துளையில். பிறகு டிவியின் ஒலி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம் (இதில் பெரும்பாலும் ஸ்டீரியோதான் போகும்) என்று இருந்தால், பாஸ்த்ரூ (வந்த ஒலியை அப்படியே அனுப்புவது) அல்லது ஆட்டோ என்று மாற்றுங்கள். டிவியும் ரிசீவரும் ஒன்றையொன்று இயக்க உதவும் எச்டிஎம்ஐ சிஇசி என்பதையும் போட வேண்டியிருக்கும்; அதற்கு டிவி நிறுவனங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன.

ஏஆர்சி வழியாக, ஆப்களில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி வகை) போகும். ப்ளூரே தட்டில் இருக்கும், தரம் குறையாத அட்மாஸ் டிவி வழியாகப் போக இஏஆர்சி வேண்டும். ப்ளேயரை நேராக ரிசீவரில் செருகிவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆப்டிகல் கேபிளில் பழைய டால்பி 5.1 வரைதான். ஆப்டிகல் போட்டுவிட்டு அட்மாஸ் வரவில்லை என்று எழுதியவரின் கருத்தால் அந்த ரிசீவருக்கு ஒரு குறையும் இல்லை.

செட்டாப் பாக்ஸிலும் ஒலி ஸ்டீரியோவிலேயே நின்றிருக்கலாம். ஒரு தடவை திறந்து பாருங்கள்.

படி 5: "ஆட்டோ செட்டப் கெடுத்துவிட்டது"

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, பயனியரில் எம்சிஏசிசி என்று பெயர்தான் வேறு. எல்லாமே ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் கண்டுபிடித்து, அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தப் பார்க்கும். அது நன்றாக வேலை செய்ய வீடு அமைதியாக இருக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், ஏசியையும் நிறுத்துங்கள். சமையலறையில் குக்கர் இருந்தால் விசில் அடங்கும்வரை பொறுங்கள். மைக்கைக் கையில் பிடிக்கக் கூடாது, சோபா மேலும் வைக்கக் கூடாது. கேமரா முக்காலியில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் வையுங்கள். எனக்குப் பிடித்த நேரம் விடியற்காலை ஐந்து மணி, காக்கை கத்தத் தொடங்குமுன்.

முடிந்ததும் எண்களைப் பாருங்கள். சப்வூஃபர் எட்டடியில் இருக்க, ரிசீவர் பன்னிரண்டு அடி என்று காட்டலாம். பலர் இதைத் தவறு என்று திருத்திக் கெடுக்கிறார்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் தூரமாகக் காட்டுகிறது. அப்படியே விடுங்கள். ஸ்பீக்கர்களை லார்ஜ் என்று போட்டிருந்தால் ஸ்மால் என்று மாற்றி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சின்ன ஸ்பீக்கர் தாங்காத அடிச்சத்தம் அப்போதுதான் சப்வூஃபருக்குப் போகும்.

படி 6: பயப்பட வேண்டிய புகார்கள்

இப்போது மூன்றாவது பத்திக்கு வருவோம். ஒருவரை ஒருவர் அறியாத ஐந்தாறு பேர் ஒரே பழுதை, ஏறக்குறைய ஒரே காலத்தில் சொன்னால் அதை நம்புங்கள். எச்டிஎம்ஐ போர்டு போவது, உள்ளிருக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச் டக் டக்கென்று அடித்து அணைவது, ரிசீவரின் முன்பக்கத் திரையில் எழுத்து மங்குவது இவையெல்லாம் அந்த வகை. பழுது பார்க்க எத்தனை வாரம் ஆனது, உதிரிபாகம் கிடைத்ததா, பில் கேட்டார்களா என்று அவர்கள் சொல்வதை வரி விடாமல் படியுங்கள். உங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரப் பயணத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். பத்துக் கிலோ பெட்டியை பஸ்ஸில் தூக்கிப் போவது சாதாரண வேலை இல்லை.

"சூடாகிறது" என்பதை மட்டும் உடனே கருவிப் பத்தியில் போடாதீர்கள். ரிசீவர் சூடாகத்தான் செய்யும். மூடிய அலமாரியில் வைத்தாரா, மேலே செட்டாப் பாக்ஸை அடுக்கினாரா என்று பாருங்கள். மேலே குறைந்தது ஒரு சாண் இடம் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் ரிசீவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அந்த நொடியே போய்விடும். பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் ப்ளக்கைத் தொடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். அந்த உறுமலுக்கும் பலர் ரிசீவரைத்தான் திட்டுகிறார்கள்.

படி 7: உங்கள் கருத்தை இப்படி எழுதுங்கள்

அடுத்து வாங்குபவருக்கு உபயோகப்பட வேண்டும் என்றால் அறை, தரை, ஸ்பீக்கர், எத்தனை காலம் என்ற நான்கையும் சொல்லிவிட்டுப் பிறகு குறை நிறையைச் சொல்லுங்கள். என்னுடையதை எழுதினால் இப்படி இருக்கும்:

"11க்கு 15 அடி ஹால். டைல்ஸ் தரை, நடுவில் ஜமுக்காளம், ஒரு பக்கம் தடித்த திரைச்சீலை. டிவியிலிருந்து ஒன்பது அடியில் உட்காருகிறோம். 5.1, ஆறு ஓம் ஸ்பீக்கர்கள். நான்கு வருடமாகத் தினம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. மைக் வைத்து அளந்த பிறகு சென்டரை 2 டெசிபல் ஏற்றினேன், பேச்சு தெளிவு. டிவியை அணைத்து உடனே போட்டால் சில சமயம் சத்தம் வராது. ரிசீவரை ஒரு முறை அணைத்துப் போட்டால் சரியாகிறது. இரண்டு வருடமாக இப்படித்தான். கேபிளை மாற்றியும் போகவில்லை, அதனால் இதைக் கருவியின் குறையாகவே சொல்கிறேன். பழுதென்று இதுவரை சர்வீஸுக்குக் கொண்டுபோனதில்லை."