ஆளுக்கேற்ற விற்பனை மெயில் எழுத ஒரு ஏஐ உதவியாளரைப் பழக்குவது எப்படி?

"புதிய கிளை திறந்ததற்கு வாழ்த்துகள்" என்று தொடங்கும் மெயில் ஒன்றை ஒரு பல் மருத்துவமனைக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒரே வரியில் பதில் வந்தது: "எந்தக் கிளை?" பதறிப்போய் நான் ஏஐக்குக் கொடுத்த குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், கிளை என்ற சொல்லே அதில் இல்லை. அதுவாகவே ஒரு கிளையைத் திறந்து, ரிப்பன் வெட்டி, வாழ்த்தும் சொல்லி முடித்திருந்தது. படிக்காமல் அனுப்பியது என் தப்புதான். அன்றிலிருந்து என் உதவியாளருக்கு அழகாக எழுதக் கற்றுக்கொடுப்பதை இரண்டாவதாக வைத்துக்கொண்டேன். தெரியாத இடத்தில் நிற்கக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் வேலை.

ஏஐயிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியது தவிர வேறெதுவும் செய்யாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடிங் கிடையாது. ஒரு மதியப் பொழுது இருந்தால் போதும், அதிலும் பாதி நேரம் பழைய மெயில்களைத் தேடுவதற்கே போய்விடும்.

கஸ்டம் உதவியாளர் என்றால் என்ன?

சாதாரண சாட்டில் ஒவ்வொரு முறையும் நான் இன்னார், இதை விற்கிறேன், இப்படி எழுதினால்தான் எனக்குப் பிடிக்கும் என்று முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டும். அந்தப் பாடத்தை ஒரே தடவை எழுதி வைத்துவிட்டால், அடுத்த தடவை திறக்கும்போதே அதெல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். சாட்ஜிபிடியில் இதற்கு ஜிபிடி என்றே பெயர், 2023 நவம்பரில் வந்தது. கிளாடில் ப்ராஜெக்ட், ஜெமினியில் ஜெம். இரண்டும் 2024இல் வந்தவை. பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான்: நிரந்தரமான ஒரு கட்டளை, கூடவே சில கோப்புகள். சாட்ஜிபிடியில் சொந்தமாக ஒன்றை உருவாக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். கையில் அது இல்லையென்றாலும் கவலை இல்லை, கீழே வரும் கட்டளையை ஒரு நோட்பேடில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புது சாட்டின் தலையிலும் ஒட்டினால் கிட்டத்தட்ட அதே வேலை நடக்கும்.

படி 1: பழைய மெயில்களைத் தோண்டுங்கள்

ஏஐயை இன்னும் திறக்காதீர்கள். நீங்கள் எழுதி, பதில் வந்த மெயில்களில் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக எழுதியதாக நீங்கள் நினைப்பவை வேண்டாம், உண்மையிலேயே பதில் வந்தவைதான் வேண்டும், இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. "நட்பான தொனியில் எழுது" என்று பத்து முறை சொல்வதற்குச் சமம் உங்கள் கையால் எழுதிய ஒரு மெயிலைக் காட்டுவது. நட்பு என்றால் ஏஐ ஆச்சரியக்குறியும் கைகூப்பும் பொம்மையும் போடும். நீங்கள் எப்படி நட்பாக எழுதுவீர்கள் என்பது அந்த மெயிலில்தான் இருக்கிறது. மெயில்களில் உள்ள பெயர், ஃபோன் நம்பர், நிறுவனப் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே கோப்பில் சேமித்து வையுங்கள்.

அப்புறம், நீங்கள் விற்பது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். முடியவில்லையென்றால் ஏஐயாலும் முடியாது.

படி 2: குறிப்புச் சீட்டு

என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மெயில் எழுதச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஐந்து வரியில் ஒரு சீட்டு எழுத வேண்டும். அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டும் மென்பொருளை ஒரு பல் மருத்துவமனைக்கு விற்பதாக வைத்துக்கொண்டால், சீட்டு இப்படி இருக்கும்:

யார்: பல் மருத்துவமனை, மூன்று டாக்டர்கள். மெயில் போக வேண்டியது நிர்வாகிக்கு.
நான் பார்த்தது: அப்பாயின்ட்மென்ட் எடுக்க இணையதளத்தில் ஃபோன் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. ரிவ்யூவில் நான்கு பேர் ஃபோனை யாரும் எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.
எங்கே பார்த்தேன்: தொடர்பு பக்கம், ரிவ்யூ பக்கம்.
என் ஊகம்: எல்லா அழைப்புக்கும் வரவேற்பில் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும்.
கேட்கப் போவது: பத்து நிமிட ஃபோன் பேச்சு.

"பார்த்தது" தனி, "ஊகம்" தனி என்று பிரித்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து கொடுத்தால் ஏஐ ஊகத்தையும் உண்மை மாதிரியே அடித்துச் சொல்லும், நீங்கள் முன்பின் பார்த்திராத ஒருவருடைய வரவேற்பறையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று அவருக்கே மெயிலில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. அவர்களுடைய இணையதளப் பக்கத்தை அப்படியே காப்பி செய்து ஒட்டிவிட்டு "நீயே பார்த்துக்கொள்" என்று விடத் தோன்றும். விட்டால் "தரமான சேவை", "நோயாளிகளின் நலனே முதன்மை" என்று அந்தப் பக்கத்தில் இருக்கும் விளம்பர வாசகத்தையே எடுத்து அவர்களிடமே திருப்பிச் சொல்லும். ஐந்து நிமிடம் செலவழித்து நீங்களே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து எழுதுங்கள். எதுவும் கண்ணில் படவில்லையென்றால் அந்த ஆளுக்கு இப்போதைக்கு மெயில் வேண்டாம்.

படி 3: கட்டளை எழுதுவது

இப்போது திறக்கலாம். சாட்ஜிபிடியில் புது ஜிபிடி உருவாக்கப் போனால் பேசிப் பேசியே உருவாக்குகிற ஒரு வழியும், கான்ஃபிகர் என்று ஒரு பகுதியும் இருக்கும். நேராக கான்ஃபிகருக்குப் போங்கள், பேசி உருவாக்கும் வழியில் அது உங்கள் சொற்களைத் தன் பாணிக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். பெயர் என்னவாகவும் இருக்கட்டும். இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் பெட்டியில் 8,000 எழுத்துகள் வரை இடம் உண்டு, அதில் கால்வாசி போதும். நான் வைத்திருப்பது ஏறக்குறைய இதுதான்:

"நீ எனக்கு விற்பனை மெயில் வரைவு எழுதித் தரும் உதவியாளர். குறிப்பில் 'நான் பார்த்தது' என்று இருப்பதை மட்டும் உண்மையாக எடுத்துக்கொள். குறிப்பில் இல்லாத எதையும், பாராட்டாகவே இருந்தாலும், சேர்க்காதே. 'ஊகம்' பகுதியைக் கேள்வியாக மட்டும் எழுது. 'நான் பார்த்தது' காலியாக இருந்தாலோ, யாருக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக இருந்தாலோ, மெயில் எழுதாதே. என்ன விவரம் வேண்டும் என்று என்னிடம் கேள். 90 சொற்களுக்குள் முடி. முதல் வாக்கியம் அவர்களைப் பற்றியதாக இருக்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைக்க வேண்டும். வரைவுக்குக் கீழே, மெயிலில் உள்ள ஒவ்வொரு தகவலும் குறிப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்று தனியாகக் காட்டு."

கடைசி வரிதான் என்னைப் பலமுறை காப்பாற்றியது. மூலத்தைக் காட்டச் சொன்னதும் இல்லாததைச் சேர்ப்பது நன்றாகக் குறைகிறது, மீறிச் சேர்த்தாலும் அந்தப் பட்டியலில் ஓட்டை பளிச்சென்று தெரிந்துவிடும். அதற்காக நீங்கள் சரிபார்க்காமல் விட்டுவிடக் கூடாது, பட்டியலிலும் அது துணிந்து பொய் சொல்லும்.

இதற்குக் கீழே ஒரு தடைப் பட்டியல் வையுங்கள். "இந்த மெயில் உங்களை நலமுடன் சந்திக்கும் என நம்புகிறேன்", "இன்றைய வேகமான உலகில்", "அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்ல", "புரட்சிகரமான தீர்வு" இதெல்லாம் வரவே கூடாது என்று சொல்லிவிடுங்கள். தமிழில் எழுத வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவசரத்தில் அது ஆங்கில மெயிலை மனதுக்குள் எழுதி மொழிபெயர்த்துத் தருவது மாதிரிதான் தரும்.

படி 4: கோப்புகள்

முதல் படியில் சேமித்த ஐந்து மெயில்கள், உங்கள் பொருள் பற்றிய ஒரு பக்கம். இவை போதும். நாற்பது பக்க பிடிஎஃப் ஏற்றினால், பெரிய கோப்பில் பொருத்தமாகத் தோன்றும் துண்டுகளை மட்டும்தான் அது தேடி எடுக்கும், முழுதாகப் படித்து மனதில் வைத்துக்கொள்ளாது. ஆகவே கட்டாயமான விதிகளைக் கோப்பில் ஒளித்து வைக்காமல் கட்டளையிலேயே எழுதுங்கள்.

உதவியாளரை லிங்க் மூலம் வெளியாரோடு பகிர்வதாக இருந்தால், தள்ளுபடி எவ்வளவு வரை இறங்கலாம் என்பது போன்ற உள் விவரம் எதையும் ஏற்றாதீர்கள். நைச்சியமாகக் கேட்டால் கட்டளையையும் கோப்பில் இருப்பதையும் அது கக்கிவிடும். உங்கள் சாட்டுகளை மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தலாமா என்ற அமைப்பையும் செட்டிங்ஸில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 5: ஏமாற்றிப் பாருங்கள்

நல்ல சீட்டைக் கொடுத்துச் சோதிப்பதில் பெரிய பயன் இல்லை. "நான் பார்த்தது" வரியைக் காலியாக விட்டு அனுப்புங்கள். கேள்வி கேட்டால் தேறியது. மெயில் எழுதித் தந்தால் கட்டளையில் அந்த விதியை மேலே தூக்கி வைத்து மறுபடி முயலுங்கள். அடுத்து, "நல்ல மருத்துவமனை, நல்ல பெயர் இருக்கிறது" என்று மட்டும் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இங்கேதான் வழுக்கும்.

பிறகு உண்மையான சீட்டு. மேலே உள்ள பல் மருத்துவமனைச் சீட்டுக்கு எனக்கு முதலில் கிடைத்தது இது:

"வணக்கம். உங்கள் மருத்துவமனையில் ஃபோனை எடுப்பதில்லை என்று பல நோயாளிகள் ரிவ்யூவில் வருத்தப்பட்டிருப்பதைக் கவனித்தேன். எங்கள் மென்பொருள் இந்தச் சிக்கலை முழுமையாகத் தீர்க்கும்."

விதி எதையும் மீறவில்லை, "முழுமையாக" என்ற ஒரு சொல்லைத் தவிர. சீட்டில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்று "ஊரே உங்களைத் திட்டுகிறது" என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்தாமல் என்ன செய்வார்கள்? அதனால் கட்டளையில் இரண்டு வரி சேர்த்தேன்: "குறைகளைக் குத்திக்காட்டாதே. எதிர்மறை ரிவ்யூ உனக்குப் புரிந்துகொள்வதற்கு மட்டும், மெயிலில் குறிப்பிடாதே." அடுத்த வரைவில் நான் இரண்டு சொல்லை மாற்றிய பிறகு இப்படி வந்தது:

"வணக்கம். உங்கள் இணையதளத்தில் அப்பாயின்ட்மென்டுக்கு ஃபோன் நம்பர் மட்டும் இருப்பதைப் பார்த்தேன். மூன்று டாக்டர்களுக்கும் வருகிற அழைப்புகள் ஒரே மேசைக்குத்தான் வருகின்றனவா? நோயாளிகள் மெசேஜிலேயே நேரத்தை உறுதி செய்யவும் மாற்றவும் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம். இந்த வாரம் பத்து நிமிடம் ஃபோனில் பேசலாமா? வேண்டாமென்றால் ஒரு வரி போதும், மறுபடி எழுத மாட்டேன்."

ஊகம் கேள்வியாக மாறியிருப்பதைப் பாருங்கள். தவறாக இருந்தாலும் "இல்லை, எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று அவர் திருத்துவார், திருத்தினால் அதுவே ஒரு பதில்தானே.

படி 6: அனுப்புவதற்கு முன்

மெயில் எழுதுவது சுலபமானதும் ஒரே நாளில் ஐந்நூறு பேருக்குத் தட்டிவிடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் மெயில் உண்மையிலேயே அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று அமைப்புகளையும் தங்கள் டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) அமைத்திருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். நாம் அவ்வளவு அனுப்பப் போவதில்லை என்றாலும், ஸ்பாம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது சிறியவர்களுக்கும் உண்டு. கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு மூன்று பேர். அமெரிக்காவுக்கு அனுப்பினால் 2003ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டப்படி உங்கள் அஞ்சல் முகவரி மெயிலில் இருக்க வேண்டும், விலகக் கேட்டவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களின் விவரங்களைக் கையாண்டால் 2018இல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

நான் ஒரு நாளில் பதினைந்தைத் தாண்டுவதில்லை. பதினைந்து சீட்டு எழுதுவதற்கே கண்ணைக் கட்டிவிடும்.

ஃபாலோ-அப் மெயிலுக்கும் இதே உதவியாளர்தான், ஆனால் "ஞாபகப்படுத்துகிறேன்" என்று மட்டும் எழுத விடாதீர்கள், புதிதாக ஒரு விஷயம் சீட்டில் சேர்ந்தால்தான் இரண்டாவது மெயில். வந்த பதிலுக்கு மறுபதிலை மட்டும் நானே தட்டச்சு செய்கிறேன். ஆள் உள்ளே வந்துவிட்டார், இனிமேல் இடையில் யாரும் வேண்டாம்.

வாரக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி, பதில் வந்த மெயிலை மாதிரிக் கோப்பில் சேர்த்து, பழையதில் ஒன்றைத் தூக்கிவிடுகிறேன். வரைவில் திரும்பத் திரும்ப நான் வெட்டுகிற சொல் ஏதாவது இருந்தால் அது தடைப் பட்டியலுக்குப் போய்விடும். போன வாரம் போனது "மனமார்ந்த".