போர்தோ பாணி ஒயினை மதுரை வெயிலில் சுவைப்பது எப்படி

பயணிகள் கப்பலில் பன்னிரண்டு வருடம் ஒயின் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இப்போது திருநகரில் இருக்கிறேன். போன சித்திரையில் மச்சினன் போர்தோ பாணிச் சிவப்பு ஒயின் ஒன்று கொண்டுவந்தான். போர்தோ என்பது பிரான்சில் ஒரு ஒயின் வட்டாரம், பல திராட்சை வகைகளைக் கலப்பதுதான் அதன் பாணி. வந்ததும் திறந்தான், மடக்கென்று குடித்தான். "என்ன மாமா, கஷாயம் மாதிரி இருக்கு!"

தப்பு வெயில் மேல். 'அறை வெப்பநிலையில் குடிக்கவும்' என்பதெல்லாம் குளிர்நாட்டு அறைக்கு. அதாவது 16 முதல் 18 டிகிரி. நம்ம ஊர் அறையில் முதலில் மூக்கில் ஏறுவது சாராய நெடிதான். பிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஐஸாகிவிட்டாலும் கெட்டது, வாசனை அடங்கிப்போய் துவர்ப்பு மட்டும் நிற்கும். மண்பானைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

வாய் குறுகிய கண்ணாடி கிளாஸில் கால் பங்கு ஊற்றிச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். புத்தகங்கள் 'பிளாக்கரண்ட்' (குளிர்நாட்டுக் கறுப்புச் சிறுபழம்) வாசனை என்று சொல்லும். எனக்கு நாவல்பழம்தான் வருகிறது. உங்களுக்கு வருவதைச் சொல்லுங்கள். குடமிளகாய் வாடை எட்டிப் பார்த்தால் அது கேபர்னே என்ற திராட்சை வகைகளின் வேலை. கிராம்பு, வெனிலா என்றால் ஒயினை ஊறவைத்த ஓக் மரப் பீப்பாயின் வேலை.

இனி ஒரு வாய். உடனே விழுங்காமல் பல் ஈறெல்லாம் படும்படி சுழற்றுங்கள். கன்னம் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதா? மச்சினன் கஷாயம் என்றது இதைத்தான். வெள்ளைக்காரர் இதற்கு 'டானின்' என்று பாடம் நடத்துவார்கள். வாழைப்பூ தின்று வளர்ந்த நமக்குத் துவர்ப்பு என்றால் போதும். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. சந்தேகமிருந்தால் கம்பம் பன்னீர் திராட்சை விதையைக் கடித்துப் பாருங்கள்.

இந்தத் துவர்ப்பைத் தூக்கிப் பிடிப்பது கேபர்னே சோவிஞோன் திராட்சை. அதைத் தணித்து, வழவழப்பாக்குவது மெர்லோ திராட்சை. இரண்டும் கேபர்னே ஃபிராங்க் என்ற திராட்சையின் வாரிசுகள் என்று மரபணுச் சோதனை சொல்கிறது, ஆக இது பங்காளிகள் கூட்டு. போர்தோவில் ஜிரோந்து ஆற்றின் இடது கரையில் கேபர்னே தூக்கல், தோர்தோன் ஆற்றின் வலது கரையில் மெர்லோ தூக்கல். பெத்தி வெர்தோ, மால்பெக் என்ற வேறு திராட்சைகளும் கொஞ்சமாகச் சேரும்.

தொட்டுக்கொள்ள மட்டன். புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், ஒயின் மென்மையாகிவிடும். ஆனால் காரச் சுக்கா வேண்டாம், எரிச்சலைக் கூட்டும். மிளகை மட்டும் அளவாகப் போட்டு வறுத்த கறி நல்லது.

மிச்சத்தை மூடி பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அப்புறம் வீட்டம்மாவிடம் சொல்லாமல் கறிக்குழம்பில் ஊற்றிவிடலாம்.