காலிக் கோட்டைக்குக் காரில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்து காலிக் கோட்டைக்கு ஒரே நாளில் போய்வர நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, பிந்திப் புறப்படுவதுதான். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை இருக்கிறதே என்று ஆறுதலாகக் கிளம்பினால், கோட்டைக்குள் கால் வைக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். மதில்மேல் ஒதுங்க நிழல் கிடைப்பது அரிது. விடியற்காலையிலேயே புறப்பட்டு, மதிலைக் காலையில் சுற்றிவிட்டு, நண்பகலில் தெருக்களுக்குள் இறங்குவதே நல்லது. கடலோரக் காலி வீதியும் அழகானதுதான், ஆனால் ஊர்களின் நெரிசல் வழியே ஊர்ந்து செல்லும் அந்தப் பாதையைப் போகவும் வரவும் தேர்ந்தெடுத்தால் பாதி நாள் காருக்குள்ளேயே கழிந்துவிடும்.

அடுத்த தவறு, உள்ளேயிருக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் காரிலேயே போக முயல்வது. ஒல்லாந்தர் காலத்துத் தெருக்கள் ஒடுக்கமானவை. அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதைப் பலர் மறந்து, வீட்டு வாசலை மறித்தபடி வாகனத்தை விட்டுச் செல்வது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடந்தே பாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் வெளிச்சவீட்டுக்கு அருகிலுள்ள மீரா பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை நடக்கும். அந்நேரத்தில் வாசலில் கூடிநின்று படமெடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பெரும்பாலானோர் 1873இல் ஆங்கிலேயர் திறந்த பிரதான வாசலால் நுழைந்து அதனாலேயே வெளியேறிவிடுகிறார்கள். பழைய வாசலைக் காணாமல் திரும்புவது பேரிழப்பு என்பேன். அதன் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச சின்னம் இருக்கிறது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், இரு சிங்கங்கள் தாங்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும், அதன் உச்சியில் ஒரு சேவலும், 1669 என்ற ஆண்டும் கல்லில் தெரியும். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரும், 1796இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயரும் இந்நகரைக் கைப்பற்றியதை ஒரே வாசலின் இரு முகங்களில் காணலாம்.

மதிலின் பல இடங்களில் தடுப்பு எதுவும் இல்லை. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். செல்ஃபிக்காகப் பின்னோக்கி நகராதீர்கள்.

தமிழ் வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு காலியில்தான் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் பொறிக்கப்பட்ட அக்கல்லைக் கோட்டைக்குள் தேடி அலைய வேண்டாம். அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பதால், அதற்கென வேறொரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.