பிளஸ் டூ முடித்தவர்களுக்கு: மதுரைப் பக்கம் ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் சேர்வது எப்படி?

வருஷா வருஷம் மே மாதம் எங்கள் தெருவில் யாராவது மார்க் ஷீட்டோடு வந்து நிற்பார்கள். "அண்ணே, எந்தக் காலேஜ்ல போடலாம்?" எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

படி 1: பேப்பரைச் சரிபாருங்கள்

இதை ரிசல்ட்டுக்கு முன்பே, ஏப்ரலிலேயே செய்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக் நான்கையும் பாய் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். என் சாதிச் சான்றிதழில் இனிஷியல் 'பா', மார்க் ஷீட்டில் 'பெ'. அப்பா பெயர் பால்ச்சாமி. தாலுகாவில் டைப் அடித்தவர் சரியாக அடித்திருந்தார், பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்த சித்தப்பா வீட்டில் கூப்பிடும் 'பெரியவர்' என்ற பெயரைச் சொல்லிவிட்டார். அட்மிஷன் மேசையில் இருந்தவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "திருத்திட்டு வா தம்பி" என்றார். திருத்தி வர ஒன்பது நாள். அதற்குள் எய்டட் (அரசு உதவி பெறும் பிரிவு) சீட் முடிந்துவிட்டது. செல்ஃப் (சுயநிதி) பிரிவில்தான் சேர்ந்தேன், பல மடங்கு கட்டணத்தில்.

படி 2: எய்டடா, செல்ஃபா, அரசா?

அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு உலகம் இருக்கும். எய்டட் பிரிவில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் செலவு முழுக்க மாணவர் தலையில். பல இடங்களில் ஒன்று காலையிலும் மற்றது மாலையிலும் நடக்கும். அப்ளிகேஷனில் எந்தப் பிரிவுக்கு டிக் அடிக்கிறோம் என்று பார்த்து அடியுங்கள்.

படி 3: விண்ணப்பம்

மேலூர் அரசு கலைக் கல்லூரி, கோரிப்பாளையம் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி மாதிரியானவற்றுக்கு அரசின் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சமீப வருஷங்களில் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய்; எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாடங்களின் மொத்தம், அதாவது 400க்கு எவ்வளவு என்பதை வைத்து ரேங்க் போடுவார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும்தான் கணக்கு. கணக்குப் பாடத்தில் சறுக்கி, தமிழில் 95 வாங்கியவர்கள் இதைக் கவனியுங்கள்.

தனியார் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, பெண்களுக்கான லேடி டோக், பாத்திமா, தெப்பக்குளத்துத் தியாகராசர் என்று ஊருக்குள் பெரிய பெயர்கள் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் உசிலம்பட்டி ரோட்டில் கருமாத்தூர் அருள் ஆனந்தர், வைகைக் கரையில் திருவேடகம் விவேகானந்தா. விவேகானந்தாவில் ஆண்கள் மட்டும், விடுதியில் தங்கிக் குருகுல முறையில் படிப்பு. எங்கள் பக்கத்து ஆட்கள் டவுன் கல்லூரிக்கு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை.

படி 4: போய்ப் பாருங்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். காலேஜ் கேட்டையும் கட்டடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நீங்கள் சேரப் போகும் துறையின் அறைக்குள் நுழையுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் சீனியரிடம் மூன்று கேள்வி போதும்: எத்தனை ஆசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள்? போன செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கு ஆளே வரவில்லை? நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்குத் தருகிறார்களா? இரண்டாவது கேள்விக்குச் சீனியர் சிரித்தால் விஷயம் புரிந்துவிடும்.

நான் படித்த வகுப்பில் 34 பேர். மூன்றாம் வாரமே வரலாற்று ஆசிரியருக்கு எங்கள் எல்லோருடைய பெயரும் ஊரும் பஸ் நேரமும் தெரியும். நான் லேட்டாக வந்தால், "செக்கானூரணியில டயர் பஞ்சரா?" என்பார். சின்னக் கல்லூரியில் இது ஒரு வசதி. லீவு போட்டால் தப்பிக்க முடியாது என்பது இன்னொரு பக்கம்.

படி 5: சேர்ந்த பிறகு

டி.சி.யை ஒரிஜினலாக வாங்கிக்கொள்வார்கள், முன்பே நாலைந்து ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் உண்டு: பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். ஆதாரோடு இணைக்காத கணக்குக்குப் பணம் வராது.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும்) கட்டணம் கட்டலாம், ரொம்பக் குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். ஆவணித் திருவிழா, முளைப்பாரி, பங்காளி வீட்டுக் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் லீவு போட்டால் இரண்டாம் மாதமே கணக்கு இடிக்கும். இன்டர்னல் மதிப்பெண் ஆசிரியர் கையில் இருப்பதால் அசைன்மென்டைக் கடைசி நாள் இரவில் நண்பனைப் பார்த்து எழுதாதீர்கள். 34 பேர் வகுப்பில் யார் கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

வேறு துறைப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மதிப்பெண் சுலபமாக வரும் என்று எதையாவது எடுக்காமல், பிடித்ததை எடுங்கள். நான் தாவரவியல் எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆடாதொடைச் செடிக்கு ஒரு லத்தீன் பெயர் இருப்பதை அம்மாவிடம் சொன்னபோது, "அதுக்கு எதுக்குடா இன்னொரு பேரு?" என்றாள்.