தேதியை முதல்ல தேதியா மாத்துங்க, அப்புறம் கிராஃப் போடலாம்

பைத்தான் புதுசா கத்துக்கிறவங்க அடிக்கடி கேக்குறது இதுதான்: கிராஃப் போட்டா கீழ தேதியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கருப்பா பட்டை மாதிரி வருதே, ஏன்? நமக்கு தேதியா தெரியுறது கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்து, அவ்வளவுதான் காரணம். பைத்தான்ல கிராஃப் வரையுற நூலகமான மேட்ப்ளாட்லிப்புக்கு எழுத்தா கொடுத்தா ஒவ்வொண்ணையும் ஒரு தனிப் பேரா நினைச்சு சம இடைவெளியில அடுக்கிடும், நடுவுல மூணு மாசம் விட்டுப் போயிருந்தா அந்த இடைவெளியே மறைஞ்சிடும்.

பழகிப் பாக்க ஹவாயில மௌனா லோவா எரிமலை மேல அளக்குற கார்பன் டை ஆக்சைடு டேட்டாவை எடுத்துக்கலாம். 1958 மார்ச்ல சார்லஸ் டேவிட் கீலிங்ங்கிற விஞ்ஞானி ஆரம்பிச்சது, அப்போ சுமார் 315 பிபிஎம், அதாவது பத்து லட்சம் காத்து மூலக்கூறுக்கு 315. ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தோட சைட்ல மாசவாரி சிஎஸ்வி ஃபைல் (காற்புள்ளியால பிரிச்ச அட்டவணை) இலவசமா கிடைக்குது. டைம் டேட்டால வழக்கமா வர்ற சிக்கல் நிறைய இந்த ஒரே ஃபைல்ல இருக்கு, அதனாலதான் எனக்கு இது பிடிக்கும்.

இறக்கினதும் உடனே புரோகிராம் எழுதாதீங்க, நோட்பேட்ல திறந்து பாருங்க. மேல விளக்க வரிகள் நிறைய இருக்கும், எண்கள் தொடங்குறதுக்கு முன்னாடி எத்தனை வரி இருக்குன்னு எண்ணி, அட்டவணையைக் கையாளுற நூலகமான பாண்டாஸோட ரீட்_சிஎஸ்வில ஸ்கிப்ரோஸ்ல (தாண்ட வேண்டிய வரிகள்) அதை கொடுங்க, ஹெடர் நன்-னு (None, தலைப்பு வரி இல்லைன்னு அர்த்தம்) போடுங்க. நமக்கு வேண்டியது வருஷம், மாசம், அளவு மூணுதான், யூஸ்கால்ஸ்ல அந்தப் பத்திகளோட எண் 0, 1, 4 கொடுங்க (பைத்தான் 0லேர்ந்து எண்ணும்). நேம்ஸ்ல இயர், மந்த், சிஓ2-ன்னு பேர் வெச்சிடுங்க.

அடுத்தது தேதி. இது மாச சராசரி, அதனால டே-ன்னு ஒண்ணு சேர்த்து எல்லாத்துக்கும் 15 போடுங்க, மாசத்தோட நடுவுல நிக்கும். இயர், மந்த், டே மூணையும் டு_டேட்டைம்கிட்ட கொடுத்தா நிஜமான தேதி கிடைக்கும், அதை செட்_இன்டெக்ஸ் வெச்சு இன்டெக்ஸா, அதாவது ஒவ்வொரு வரிக்கும் அடையாளமா ஆக்கிக்குங்க.

இப்போ ப்ளாட் அடிச்சா கோடு அங்கங்க பூஜ்யத்துக்குக் கீழ போய் விழும், முழு வளைவும் மேல நசுங்கிக் கிடக்கும். அளவு கிடைக்காத மாசத்துக்கு -99.99ன்னு எழுதி வெச்சிருக்காங்க, 1964 பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அப்படித்தான். ரீப்ளேஸ் வெச்சு அதை நம்பையோட (எண் கணக்குக்கான நூலகம்) நேன்-ஆ, அதாவது 'மதிப்பு இல்லை'ங்கிற குறியா மாத்துங்க. அந்த வரிகளை டிராப் பண்ணிடாதீங்க, பண்ணினா மேட்ப்ளாட்லிப் ரெண்டு முனையையும் இழுத்து சேர்த்து கோடு போட்டுடும், பாக்குறவங்க அங்கயும் அளந்திருக்காங்கன்னு நம்புவாங்க. நேன் இருந்தா கோடு அறுந்து நிக்கும், அதுதான் உண்மை.

அச்சுல பத்து வருஷத்துக்கு ஒரு குறி போதும், இயர்லொகேட்டர்ல 10 கொடுங்க. 400ல ஒரு ஆக்ஸ்ஹெச்லைன் (படுக்கைக் கோடு) போட்டா 2014 ஏப்ரல்ல மாச சராசரி முதல் தடவையா அதைத் தாண்டினது தெரியும். ஒய் அச்சை 0லேர்ந்து ஆரம்பிக்கணும்னு சிலர் சொல்வாங்க, அது பார் சார்ட்டுக்கு சரி, இங்க 300லேர்ந்து ஆரம்பிச்சாதான் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும்.

தேதி இன்டெக்ஸா இருக்குறதால இன்னொரு வசதி, லோக்ல (வரிகளைத் தேர்ந்தெடுக்குற வசதி) 2015லேர்ந்து 2018 வரைக்கும்னு வருஷத்தை மட்டும் எழுதினாலே அந்தத் துண்டு வந்துடும். வரைஞ்சு பாருங்க, ரம்பப் பல் மாதிரி இருக்கும்: மே மாசம் உச்சம், செப்டம்பர் அக்டோபர்ல பள்ளம், ஏன்னா வட பாதி பூமியில கோடையில செடி கொடியெல்லாம் கார்பனை இழுத்துக்குது.

இந்தப் பல்லை மறைச்சுட்டு போக்கை மட்டும் பாக்க 12 மாச நகரும் சராசரி எடுங்க: ரோலிங்ல 12, சென்டர் ட்ரூ, அப்புறம் மீன். 1964 கிட்ட மூணு மாச ஓட்டை 14 மாச ஓட்டையா பெரிசாகும், பதறாதீங்க, 12 மாசமும் முழுசா இல்லாத இடத்துல பாண்டாஸ் சராசரி தராது. மின்_பீரியட்ஸை (குறைஞ்சது எத்தனை மாசம் இருக்கணும்ங்கிற எண்) குறைச்சு அடைக்கலாம்தான், ஆனா சில மாசம் இல்லாம எடுத்த சராசரி பருவத்தால சாய்ஞ்சிடும், நான் ஓட்டையாவே விட்டுடுவேன்.

கடைசியா சேவ்ஃபிக்ல டிபிஐ (படத்தோட நுணுக்கம்) 150 கொடுத்து சேமிங்க, படத்தைத் திரையில காட்டுற ஷோ-வுக்கு முன்னாடியே, இல்லன்னா வெறும் வெள்ளைப் படம் சேவ் ஆகிடலாம்.